அம்மாவின் சேலையில் விழுந்தவள்

அந்த நடிகர் மேல் எனக்குக் கோபம். படம் வந்து, ஓடி, டிவியிலும் போட்டு, ஊரே மறந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் இருக்கிறேன். சினிமாக்காரர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்பார். அவர் சினிமா பார்க்காத ஆள். நம்பினவளுக்குத்தானே வலிக்கும், அவருக்கு எப்படித் தெரியும்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அடுத்தவர் வயலில் உழைத்துப் பிழைத்த தெரு. அம்மாவின் அப்பா மிராசுதார் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிடும்வரை வெயிலில் நிற்பாராம். கூலி நெல் வாங்கும்போது காலில் விழுந்து எழ வேண்டுமாம். இதைச் சொல்லும்போது அம்மா அழமாட்டாள், பல்லைக் கடிப்பாள். அவள் நடவுக்குப் போன காலத்தில் அது மாறியது. தானாக மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு, நடவு நேரம் பார்த்துப் பெண்களெல்லாம் வயலில் இறங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவள் அம்மா. மிரட்டல் வந்தது, ஆள் வந்தது, கடைசியில் கூலியும் கூடி வந்தது. அதற்குப் பிறகு அவள் யார் காலிலும் விழுந்ததில்லை. கோயிலில்கூட நின்றபடியே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அந்த நடிகர் அப்போது இளைஞர். மூட்டை தூக்குபவராக, துணி வெளுப்பவரின் மகனாக, ரிக்‌ஷாக்காரராக வருவார். எந்தப் படமானாலும் ஒரு காட்சி தவறாது. பணக்காரர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்காருவார். கொட்டகை அதிரும். என் அண்ணன் விசில் அடிப்பான். பெண் பிள்ளை விசில் அடிக்கக் கூடாது என்பதால் நான் பெஞ்சைத் தட்டுவேன். பிற்பாடு சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போனபோது அதிகாரியின் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தேன். அந்தத் தைரியத்தில் பாதி அம்மா கொடுத்தது, பாதி அவர் கொடுத்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி வேறு சிலதும் அந்தப் படங்களில் இருந்தன. எதிர்த்துப் பேசுகிற கதாநாயகி இடைவேளைக்கு முன்னால் ஒரு அறை வாங்கி, இடைவேளைக்குப் பின்னால் சேலை கட்டிக்கொண்டு காபி கொண்டுவருவாள். கெட்ட முதலாளி முடிவில் மனம் திருந்தி எல்லோரையும் கட்டிப்பிடிப்பார், ஆனால் கூலியைப் பற்றி யாரும் பேச்செடுக்கமாட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கடைசி ரீலில் பதில் கிடைத்துவிடும். அவன் ஏழை வீட்டுப் பிள்ளையே இல்லை, பெரிய வீட்டில் தொலைந்துபோன வாரிசு. அப்போதெல்லாம் நான் அந்தக் கடைசி ரீலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலிக் காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

நான் திருவாரூரில் பள்ளி ஆசிரியை ஆனேன். அண்ணன் ஊரிலேயே பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்தான். அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் கிளைச் செயலாளர். அம்மா, வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும், நடவுக்குப் போவதை விடவில்லை. மெஷின் நடவு வந்த பிறகும் மெஷின் இறங்காத சேற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

இப்படி இருக்கும்போது ஒரு சம்பா நடவின் சமயத்தில் அந்த நடிகரின் படப்பிடிப்பு எங்கள் ஊருக்கே வந்தது. விவசாயிகளைப் பற்றிய படம் என்றார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நடிகர் வருவதற்கு முன்பே ஒரு உதவி இயக்குநர் வந்து ஊரில் தங்கினார். நல்ல பையன், அடக்கமான பேச்சு. அம்மா வைத்த கெளுத்தி மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவிவைப்பார். வரப்பில் உட்கார்ந்த கதையை அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார், போனில் பதிவும் செய்துகொண்டார்.

"அம்மா, உங்க கதைதாங்க படமே" என்றார்.

அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. எனக்குப் போன் போட்டு, "இத்தினி வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து கேக்குறான் பாரு" என்றாள். நானும் நெகிழ்ந்துபோனேன். நம் நடிகர், நம் அம்மாவின் கதை. இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தது.

எங்கள் பக்கத்து நடவில் ஒரு வழக்கம் உண்டு. வயலுக்குப் புது ஆள் யார் வந்தாலும், வரப்பில் யார் போனாலும், பெண்களில் ஒருத்தி சேற்றிலிருந்து ஏறி ஓடிவந்து, ஒரு நாற்று முடியை, அதாவது நடுவதற்குக் கட்டிவைத்த நாற்றுக் கற்றையை, அவர் எதிரில் குறுக்கே வைத்துவிடுவாள். பயிரைத் தாண்டக் கூடாது, மிதிக்கவும் கூடாது. காசு கொடுத்தால்தான் வழி. கொடுக்கும்வரை அவள் குனிந்து கும்பிட்டுக்கொண்டே கேலி செய்வாள், மற்றவர்கள் குலவையிடுவார்கள். வந்தவர் பையைத் துழாவுவார், இல்லை என்பார், ஓடப் பார்ப்பார். விடமாட்டார்கள். அந்தக் காசு டீக்கும் வடைக்கும் ஆகும். ஒருமுறை தாசில்தாரையே மறித்திருக்கிறார்கள். அந்தக் கும்பிடு மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு. வருஷம் முழுக்கக் கூலி கொடுக்கிறவரை ஒரு நிமிஷம் வரப்பில் திண்டாட வைக்கும் விளையாட்டு அது.

நடிகர் வயலுக்கு வந்தார். அம்மா சும்மா இருப்பாளா? படப்பிடிப்பு என்றும் பார்க்காமல் முடியைக் கொண்டுபோய் அவர் எதிரில் வைத்தாள்.

"எங்க ஊரு சேத்துல காலை வச்சிட்டு, சும்மா போயிடுவீங்களாக்கும்?"

நடிகர் சிரித்துவிட்டார். உதவி இயக்குநரிடம் வாங்கி ஒரு நோட்டை நீட்டினார். குலவைச் சத்தம் அடுத்த ஊர்வரை கேட்டதாம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் வந்து, இயல்பாக இருந்தது, இதைப் படத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றார். அதன் பிறகு அந்தப் பையன் வீட்டுக்கு வந்து, அம்மா அன்றைக்குக் கட்டியிருந்த ஊதாச் சேலையைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் எடுக்கணும், அதே சேலை தொடர்ச்சிக்கு வேணுங்கம்மா. உங்களுக்குப் புதுசு எடுத்துத் தந்துடறோம்."

அம்மா துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

கோடை விடுமுறையில் படம் வந்தது. அண்ணன் வேன் பிடித்தான். நடவுப் பெண்கள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு, பட்டு இருந்தவர்கள் பட்டு கட்டிக்கொண்டு கும்பகோணம் போனோம். அம்மா அவர்கள் எடுத்துக் கொடுத்த புதுச் சேலையில் வந்தாள்.

படத்தில் நடிகர் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் பண்ணை வாரிசு. விவசாயி என்று படம் முழுக்க அவரைத்தான் சொல்கிறார்கள். வயலில் குனிந்து நிற்கிற எங்கள் பெண்களுக்குப் பெயரே இல்லை, பின்னால் பச்சையாகத் தெரிந்த பயிரோடு பயிராக அவர்களும் தெரிந்தார்கள். சரி, சினிமாதானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெண்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"பாரு, இதான். இதான் நான் சொன்னது."

அவள் சொன்ன வார்த்தைகள்கூட அப்படியே இருந்தன. ஆனால் அவர்களை உட்கார வைத்தது, நெல் வியாபாரியிடம் கைநீட்டி வாங்கிய ஒரு சிவப்புத் துண்டுக்காரன். பெண்கள் விவரம் தெரியாமல் அவன் பேச்சைக் கேட்டுவிட்டார்களாம். நாற்று வாடுகிறது. நடிகர் தனியாகச் சேற்றில் இறங்கி நடுகிறார். நட்டுக்கொண்டே, மண்ணுக்கு முன்னால் கூலி கேட்கலாமா என்று ஒரு நீள வசனம். தியேட்டரில் கைத்தட்டல். பெண்களுக்குப் புத்தி வருகிறது.

அப்போது திரை முழுக்க அம்மாவின் முகம். எங்கள் வரிசை ஆரவாரம் செய்தது. அம்மா குனிகிறாள், முடியை அவர் எதிரில் வைக்கிறாள், கும்பிடுகிறாள். குலவை இல்லை, வயலின் அழுகிறது. அடுத்த நொடி பின்னாலிருந்து காட்டினார்கள். அந்த ஊதாச் சேலை, அதே கொசுவம், சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக நடிகரின் காலில் விழுந்து கிடந்தது. அவர் தோளைத் தொட்டுத் தூக்கினார். "தாயே" என்றார்.

எங்கள் வரிசையில் சத்தம் நின்றுபோனது. தியேட்டரின் மற்ற பக்கமெல்லாம் எழுந்து கைதட்டியது. அந்தக் கைத்தட்டலுக்கு நடுவே ஒரு விசில் கேட்டது. எனக்குத் தெரிந்த விசில். சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அடித்த விசில். அண்ணன் முன்வரிசையில் மன்றத்துப் பையன்களோடு நின்றுகொண்டிருந்தான்.

அம்மா திரும்பி அவனைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் மெதுவாகக் கேட்டாள்.

"நான் சிரிச்சிக்கிட்டுல்ல வச்சேன்? அந்தச் சிரிப்ப என்ன பண்ணுனானுவ?"

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சேலையை வாங்கிப் போய், வேறொருத்திக்குக் கட்டி விழவைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். நேரில்கூட இல்லை, கடைசியில் 'நன்றி' என்று ஓடிய பெயர்களில் எங்கள் ஊரின் பெயர் வந்து போனது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனோடு சண்டை.

"விழுந்த மாதிரி காட்டுனா விழுந்ததா ஆயிடுமா? படம் அது. அம்மா மூஞ்சி அவ்ளோ பெருசா வந்துச்சே, அதப் பாரு" என்றான்.

"அம்மா யாரு கால்லயும் விழாதவன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். அப்பறம் என்ன?"

"அப்ப எதுக்கு விசில் அடிச்ச?"

"தலைவர் அந்த சீன்ல நல்லா பண்ணியிருந்தாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே அந்தக் காட்சி அவனை உருக்கியிருந்தது. அதுதான் என்னை ஆட்டிவிட்டது. பெற்ற மகனையே அம்மா விழுவதைப் பார்த்து உருக வைத்துவிட்டார்கள் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது. அந்த உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன். எடுத்தார். இயக்குநரின் முடிவுங்க, எனக்கும் வருத்தம்தாங்க, அடுத்த படம் நானே பண்றேன், அதில் அம்மா கதையைச் சரியாகச் சொல்கிறேன் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சமாதானமாக ஏதோ சொல்லப் போனேன். நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம், "ஆத்தா, அழ வச்சிட்டியே" என்று பாராட்டினார்கள். நான் அழவில்லை, விழவும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டாள்.

அடுத்த சம்பா நடவு வந்தது. மழை நல்லபடியாக இருந்ததா என்று கேட்கத்தான் ஒரு சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நிலத்துக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து நண்பர்களோடு வயலுக்கு வந்திருந்தானாம். நண்பர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அம்மா நட்டுக்கொண்டே இருந்துவிட்டாள். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த மருமகள் ஒருத்தி மட்டும் முடியை எடுத்துக்கொண்டு வரப்பேறினாள்.

"அவளத் தப்பு சொல்ல மாட்டேன். வழக்கம்தான" என்றாள் அம்மா.

"காசு குடுத்தானா?"

"குடுத்தான், குடுத்தான். தாராளமாத்தான் குடுத்தான்."

கொட்டகையில் மாடு கத்துவது போனில் கேட்டது.

"அவங்க தாத்தனையே மறிச்சிருக்கேன் நான். பயந்துகிட்டு மடியப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. இவன் என்னடான்னா, அவ முடிய வச்சதும் பையில கைய விடல. செருப்பக் கழட்டிட்டு, காலை முன்னாடி நீட்டுறாம்மா."