ஆற்றுப்பாலை மரத்து அந்துப்பூச்சி

பூச்சிகளைப் பார்த்துப் பேர் சொல்வதுதான் ரிட்டயர் ஆகும்வரை என் வேலை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பேர் மறந்துபோகும், அது வேறு.

ஒருமுறை தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஓரம் ஆற்றுப்பாலை மரத்தில் சில அந்துப்பூச்சிகள் பிடித்தேன். ஆற்றுப்பாலை நம்மூர் வில்லோ, தண்ணீர் ஓரம் வளரும் மரம். பூச்சி அரிசி நீளம்கூட இல்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், இன்னொன்றில் கறுப்புக் கோடு.

எங்கள் பூச்சியியல் துறைத் தலைவர் லென்ஸில் பார்த்தார். "மூணும் புது ஸ்பீஷீஸ் மேடம். ஒண்ணுக்கு என் பேரை வச்சிரலாம்."

நான் இரண்டு ஸ்பீஷீஸ் என்றேன். காபி ஆறும்வரை சண்டை. புழுவை வளர்த்துப் பார்த்தால்தான் தீரும் என்று மறுபடி போனேன்.

தோட்டக்காரர் பழனிசாமி மரத்தடியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, புழு இலையெல்லாம் சுருட்டிப்போட்டுதுங்க. நாளைக்குத் தென்னைக்கு ஏறிப்போட்டா, உங்காபீசுல இருந்து எளநி அனுப்புவீங்களா?"

"ஏறாதுன்னு நினைக்கிறேங்க."

"நெனைக்கிறீங்களா, தெரியுமுங்களா?"

தெரியாது. அந்தப் பூச்சியைப் பற்றி யாருக்குமே அதிகம் தெரியாது. மருந்து அடித்தால் இனித் தெரியவும் போவதில்லை.

"சோதிச்சுப் பாத்துடலாங்க. அதுவரைக்கும் மருந்து வேண்டாங்க" என்று கெஞ்சினேன். புழுக்களை இரண்டு டப்பாவில் பிரித்துப் போட்டேன். ஒன்றில் ஆற்றுப்பாலைத் தளிர், மற்றதில் தென்னங்கீற்று. தளிர் டப்பா என்னோடு வந்தது. தென்னை டப்பா அவர் வீட்டு டிவி பக்கத்தில் உட்கார்ந்தது.

சில நாளில் போன் செய்தார். "தென்னைய மோந்துகூடப் பாக்குலீங்க. பட்டினி கெடந்தே செத்துப்போச்சுங்க. என்ற மருமவனாட்டப் புடிவாதம். மருந்து அடிக்கலீங்க, உடுங்க."

என் டப்பாவில் கூட்டுப்புழுவெல்லாம் பூச்சியாக வந்தது. அதில் ஒரு தாயை மட்டும் தனியாக முட்டையிட வைத்தேன். அவள் பிள்ளைகளில் வெள்ளை, சாம்பல், கறுப்புக் கோடு மூன்றும் இருந்தன. போதாதென்று ஆண் பூச்சிகளின் பின்பக்கத்தை வெட்டி ஸ்லைடு போட்டோம். இத்தனை சின்ன அந்துப்பூச்சிக்கு அடையாள அட்டை அங்கே இருக்கும் இனப்பெருக்க உறுப்புதான். எல்லாம் ஒரே அச்சு. எப்போதோ பேர் வைத்து, அப்புறம் யார் கண்ணிலும் அதிகம் படாத ஒரே ஸ்பீஷீஸ்.

தலைவர் மைக்ரோஸ்கோப்பில் எல்லா ஸ்லைடையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். "நமக்கு முன்னாடியே எவனோ பேர் வச்சுட்டான் மேடம்" என்றார், சொத்து பறிபோன குரலில். பிறகு அவரே உட்கார்ந்து இந்த மாவட்டத்தின் முதல் பதிவாக அதை எழுதினார். மூன்று நிறத்தையும் ஒரே பேருக்குக் கீழே ஊசியால் குத்தி வைத்தோம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். இறக்கையைப் பார்த்துப் பேர் வைக்க ஓடாதீர்கள். முதலில் அதன் அம்மாவைப் பிடியுங்கள்.