பகேரியாவில் பத்திரமாக

நிலம் ஆடியபோது நான் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கீழே பல்லாரோ சந்தையில் மீன்காரர்களின் கத்தல் சட்டென்று நின்றது. அதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கடவுச்சீட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஓடி இறங்கினேன். ஊரில் சண்டைக்காலத்துப் பழக்கம், செருப்பை மறந்தாலும் பையை மறப்பதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இந்த நாட்டுக்காரர் கெதியாக வந்தார்கள். தீயணைப்புப் படை வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது, மனதைத் தேற்றவென்று ஒரு டொக்டர்கூட வந்தார். எங்கள் கட்டிடத்தின் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. பொறியியலாளர் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது, பள்ளிக்கூட மண்டபத்தில் கட்டில் போட்டுத் தருவோம் என்றார்கள். நகரசபைப் பெண் ஒருத்தி சதுக்கத்தில் நின்று குடியிருப்பவர்களின் பெயர்களை வாசித்தாள். நாலாம் மாடிச் சிஞ்ஞோரா அம்மாவிடம் பூனை எங்கே என்றுகூட விசாரித்தாள். என் பெயர் வரவேயில்லை.

எப்படி வரும்? எங்கள் ஆட்களில் பாதிப்பேர் படுப்பது ஓரிடம், பதிவு இன்னோரிடம். என் வீட்டுச் சொந்தக்காரன் வாடகை ஒப்பந்தம் எழுதித் தரமாட்டான். பெர்மெஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க விலாசம் வேண்டுமே என்று, பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணை, பக்கத்து ஊரான பகேரியாவில் தன் வீட்டில் என்னைப் பதிந்துவிட்டார். பதினொரு வருடமாகக் கடதாசியில் நான் அங்கேதான் குடியிருக்கிறேன்.

அந்த நகரசபைப் பெண்ணிடம் போய் அடையாள அட்டையைக் காட்டினேன். நல்ல பிள்ளை. அதிலிருந்த விலாசத்தைப் பார்த்து, பகேரியாவில் சேதமில்லை, உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆறுதல் சொன்னாள். இங்கேதான் இருக்கிறேன் என்றால் பதிவு பொய்யாகிவிடும், பெர்மெஸோவும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு சதுக்கத்து வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.

ஒருவராவது என்னைத் தேடவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அண்ணைக்கு நான் போன் எடுக்கவில்லை. வீம்புதான். நான் இந்த அல்பெர்கேரியாப் பகுதியில் இருப்பது அவருக்குத் தெரியும், செய்தியில் இந்தத் தெருவைத்தான் காட்டுகிறார்கள், அவராக எடுக்கட்டுமே. மத்தியானமும் போனது. சனமெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தபடி இருந்தேன்.

நாலு மணிக்கு அண்ணை எடுத்தார். முதல் மணியிலேயே காதில் வைத்தேன்.

"தம்பி, நிலம் ஆடினதெண்டு இஞ்சை பொலிஸ் வந்து வீடு வீடா ஆக்களை எண்ணினவங்கள்," என்றார். "உன்ரை பேரையும் கேட்டவங்கள். உள்ளை குளிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன். பத்திரம் எண்டு எழுதிக்கொண்டு போட்டாங்கள்."

எங்கை நிக்கிறாய் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன்.

"பயப்பிடாதை. இனி உன்னைத் தேடி ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார்.

ஓம் அண்ணை என்று சொல்லிப் போனை வைத்தேன்.