இரண்டாவது ஜாய்ஸ்டிக்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் சிவகாசிக்கு வாருங்கள். கடை இன்னும் இருக்கிறது. அந்த ரிப்பேர் மேஜைக்கு முன்னால் மட்டும் நான் உட்காருவதில்லை.

2004, தீபாவளிக்கு முந்தைய மாதம். டி.வி., டேப் ரிக்கார்டர், வீடியோ கேம் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. கரண்ட் இல்லாமல் எதுவும் ஓடாது. எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் கிண்டல் பண்ணியே விரட்டிவிடுவேன்.

பொழுது சாய்கிற நேரம். ஆனைக்குட்டத்திலிருந்து அய்யம்மாள் என்ற அம்மா, துண்டில் சுற்றிய வீடியோ கேம் பெட்டியோடு வந்தார்.

"என்ன ரிப்பேரும்மா?"

"ரிப்பேர் இல்ல தம்பி. இதக் கெடுத்துக் குடுங்க."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மகன் காளீஸ்வரன் அச்சுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மருமகள் பாண்டிச்செல்வி பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள். வேலை முடிந்து வந்ததும் இருவரும் சேர்ந்து இதில்தான் விளையாடுவார்களாம். இரண்டு மாதம் முன்பு ஒரு வெடி விபத்தில் அவள் போய்விட்டாள்.

"அவ இன்னமும் கூட வெளாடுதாளாம். சோறு தண்ணி இல்லாம இதுக்கு முன்னாலயே கெடக்கான். இப்பிடியே போனா எம்புள்ள எனக்கு மிஞ்ச மாட்டான் தம்பி. கண்ணசந்த நேரம் பாத்துத் தூக்கியாந்துட்டேன்."

பாவமாக இருந்தது. காலையில் வரச் சொல்லி அனுப்பினேன்.

முதலில் போட்டுப் பார்த்தேன். திரையில் இரண்டு பொம்மைகள். ஒரு ஜாய்ஸ்டிக்தான் மாட்டியிருந்தேன். ஆனால்… இரண்டாவது பொம்மை குதித்தது.

"சர்க்யூட் கோளாறு," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்குப் போகிற வயர்களை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் பட்டாசு வேலைக்காரர் வீட்டுப் பொருளில் எடுத்ததுமே சூட்டை வைக்க மாட்டோம். சேலையில் ஒட்டி வந்த மருந்துத் தூள் உள்ளே இருக்கும், பற்றிவிடும். பிரஷ்ஷால் தட்டித் தண்ணீரில் கொட்டிய பிறகுதான் சால்டரிங்.

திறந்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு பிடித் தூள். இவ்வளவு நான் பார்த்ததே இல்லை. மொத்தத்தையும் வாளித் தண்ணீரில் கொட்டினேன்.

ஹ்ஹா…

யாரோ மூச்சு விட்ட சத்தம். வாளிக்குள்ளிருந்து.

எப்படியோ வயர்களை எடுத்தேன். மணி ஆறு நாற்பது. மறுபடியும் போட்டேன்.

இரண்டாவது பொம்மை திரையின் ஓரத்தில் நின்றது. அசையவில்லை. யாருக்காகவோ காத்திருந்தது.

டக்.

என் ஜாய்ஸ்டிக் மேஜையில் கிடந்தது. நான் தொடவில்லை.

டக்… டக்… டக்…

பட்டன் தானாக அமுங்கியது.

முதல் பொம்மை நடந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றது.

இரண்டும் சேர்ந்து…

திரையை விட்டுப் போயின.

ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன்.

காலையில் அய்யம்மாள் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் வந்தார். பெட்டியைக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் வீடு போய்ச் சேரையில, டி.வி. முன்னால உக்காந்தபடியே போயிருந்தான் தம்பி. ஆறே முக்கால் இருக்கும். டாக்டரும் பாத்து, உயிரு போயிருச்சுன்னுட்டாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

"குளிப்பாட்டி, கைக் கட்ட வெரலு ரெண்டையும் சேத்துக் கட்டுனோம். கட்டுக்குள்ளயும் அந்த வெரலு ரெண்டும் அமுங்கி அமுங்கி எந்திரிச்சுது தம்பி… சுடுகாடு வரைக்கும்."