கூட்டுப்புழு டீச்சர்

மழலையர் வகுப்பு டீச்சருக்கு எதையும் நடித்துக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். தவளைப் பாடத்தன்று மேசையிலிருந்து குதித்துக் கால் சுளுக்கியும் புத்தி வரவில்லை. வண்ணத்துப்பூச்சிப் பாடத்துக்குப் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் நாலு உருட்டு உருண்டார்.

"இதுதான் கூட்டுப்புழு. தானா வெளியே வரும். யாராவது தொட்டா றெக்கை வராது!"

வெளியே வரப் பார்த்தால் கை அசையவே இல்லை. "கண்ணுங்களா, கொஞ்சம் பிரிச்சு விடுங்கடா!" என்று கெஞ்சினார். இருபது பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு காவல் நின்றார்கள்.

மணியடித்தும் வகுப்பு விடாததால் எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, பிள்ளைகள் கத்தக் கத்தப் போர்வையை உருவினார். டீச்சர் வியர்த்து வழிய எழுந்து நின்றார்.

சின்னப்பெண் ஒருத்தி டீச்சரின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையை முறைத்தாள்.

"ஒண்ணுமே முளைக்கல. எல்லாம் உங்களாலதான்!"