ஆணியில் தொங்கிய பென்டிரைவ்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடையைக் கூட்டி முடிப்பதற்குள் ஏகாம்பரம் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெட்ஷீட் சுற்றிய சிபியு.

"கன்னிம்மா, இது எழுந்திரிக்க மாட்டேங்குது. இன்னா பண்ணுவியோ, திங்கக்கெழம காலைல நான் கோலார்ல நிக்கணும்."

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறவள். படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான். கூட்டிப் பெருக்க வந்தவள், சிபியுவில் தூசி ஊதக் கற்றுக்கொண்டேன். ராம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றி ரப்பரால் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். அப்படியே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்க்ரீனில் வரும் இங்கிலீஷை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதி, அதற்குக் கீழே என்ன செய்தால் சரியானது என்று தமிழில் எழுதி வைப்பேன். தடுப்புக்கு முன்னால் கஸ்டமரிடம் பேசுவது கடைக்காரத் தம்பி குமரேசன். எனக்குப் பேச வராது. புது ஆளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதுவதுகூட, இப்போது புதிதாகப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான்.

ஏகாம்பரம் அண்ணன் இங்கே தங்கச் சுரங்கத்தில், மைன்ஸில், கேஜ் ஓட்டினவர். ஆட்களை ஷாஃப்டில் இறக்கி ஏற்றும் இன்ஜின் அவர் கையில் இருந்தது. மைன்ஸ் மூடியபிறகும், கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த மைசூர் மைன்ஸ் லைன் வீட்டிலேயே இருக்கிறார். அந்த லைன் வீடுகள் எதுவும் இருக்கிறவர்கள் பெயரில் இல்லை. அவரவர் பெயருக்கு மாற்றித் தரக் கேட்பதற்காக அண்ணன் வீடு வீடாகப் போய், யார் எந்த வருஷத்திலிருந்து இருக்கிறார்கள், ரேஷன் கார்டு, லைட் பில் எல்லாம் கேட்டு வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைல். மொத்தம் எண்பத்து நான்கு வீடு. திங்கட்கிழமை கோலாரில் ஆபீசர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வாசலோடு திரும்பியது

ஆன் செய்து பார்த்தேன். விண்டோஸ் வந்தது. பெயரை அழுத்தினால் 'வெல்கம்' வந்தது. உடனே தானாக லாக் ஆஃப் ஆகி மறுபடி பெயருக்கே வந்து நின்றது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதேதான்.

என் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் உண்டு. உள்ளே விடுகிற ஃபைலுக்குள் வைரஸ் புகுந்திருக்கும். ஆன்டிவைரஸ் போட்டால் அது வைரஸோடு சேர்த்து அந்த ஃபைலையும் அழித்துவிடும். அப்புறம் உள்ளே விட ஆள் இல்லை.

குமரேசன் காதில் சொன்னேன். அவன் சத்தமாகக் கேட்டான்: "யாராச்சும் ஆன்டிவைரஸ் போட்டாங்களாண்ணா?"

"போட்டானே எங்க மாப்ள! புதன்கெழம வேலைலேருந்து வந்தான், 'ஸ்லோவா கீது மாமா'ன்னான், பென்டிரைவ சொருவினான், இன்னாத்தையோ ஓட்டினான். அத்தோட படுத்துச்சு. நல்லா கேட்டுட்டேன். 'ஊரு வீட்டயே அழிச்சுட்டியேடா'ன்னு. அன்னிலேருந்து அவனும் பேசல, எம்பொண்ணும் பேசல."

"வுடுண்ணா. ஃபார்மட் அடிச்சா புதுசாட்டம் ஓடும்."

"ஃபார்மட்னா?"

"எல்லாத்தயும் அழிச்சுட்டு விண்டோஸ் திரும்பப் போடறது."

"அழிக்கறதா? எண்பத்துநாலு வீடுய்யா!"

"உங்க லிஸ்ட் டி டிரைவ்லதான கீது? விண்டோஸ் கீற சி மட்டுந்தான் அழிப்போம். பயப்படாத."

அண்ணன் கேட்கவில்லை. தடுப்பைத் தாண்டி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கஸ்டமர் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

லினக்ஸ் சிடி போட்டேன். அது ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸைத் தொடாமல் தானாக ஓடும். டி டிரைவில் அண்ணன் ஃபோல்டரைத் திறந்தேன். வீட்டு நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அளவில் ஒரே ஒரு கேபி. ஃபைல் இல்லை, வெறும் ஷார்ட்கட். அதாவது பெயர்ப் பலகை மட்டும், வீடு இல்லை.

"வந்துருச்சாம்மா?"

டிரைவ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தேன். நிறையவே இருந்தது. ஃபைல் போயிருந்தால் இடம் காலியாகி இருக்க வேண்டும். அப்போது கடைசியில் ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. படம் இருந்தது, கீழே பெயர் இல்லை. இந்த மாதிரி வைரஸ் பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று செய்து எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி மறைத்துவிடும். திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வீடுகள் வந்தன.

அண்ணன் குமரேசன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஐயோ, நானா கண்டுபுடிச்சேன்? அக்காவக் கும்புடு" என்றான் அவன்.

நான் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே வைரஸ் ஃபைலும் இருந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். போன திங்கட்கிழமைதான் ஒரு பிரௌசிங் சென்டர் சிஸ்டத்தில் பார்த்து, எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதியிருந்தேன். எங்கள் கடையில் டிரைவர் சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருக்கும். சிவப்பு நூல் கட்டி ஆணியில் தொங்கும். எந்த சிஸ்டம் வந்தாலும் அதையே சொருகுவோம். அந்த சென்டர் சிஸ்டத்தில் சொருகினவள் நான். வைரஸைக் கண்டபிறகும் பென்டிரைவைத் துடைக்காமல் ஆணியில் மாட்டினவளும் நான்.

வைரஸ் ஃபைல் இந்த சிஸ்டத்துக்குள் வந்த தேதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. அந்த நேரத்தில் குமரேசனும் நானும் அண்ணன் வீட்டில் அந்தப் பென்டிரைவைச் சொருகிப் பிரிண்டர் போட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மாரிகுப்பம் ஸ்டேஷனில் வேலைக்குக் காலை ட்ரெயின் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறவர்.

வாயைத் திறக்கவில்லை. முதலில் வீடுகள் பத்திரமாக வெளியே வரட்டும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

ஒன்று குறைந்தது

வேறு ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டோம். அண்ணன் விரலை ஸ்க்ரீனில் வைத்து எண்ணினார்.

"எண்பத்து மூணு."

"திரும்ப எண்ணுண்ணா" என்றான் குமரேசன்.

"எண்ணிட்டன்டா. மூணுதான்."

குமரேசன் விண்டோஸ் சிடியைக் கையில் வைத்திருந்தான். "ஒண்ணுதானண்ணா. நாளைக்கு டைப் பண்ணிக்க. நான் போட்டுடறேன்."

"டேய், நான் கேஜ் ஓட்டினவன். ஷிப்ட் வுட்டு மேல வந்தவன் அவன் டோக்கன போர்டுல மாட்டணும், ஒண்ணு கொறஞ்சாலும் உள்ள வெடி வெக்க வுடமாட்டாங்க. அந்த ஆளு மேல வரணும். அதுக்கப்புறந்தான் எல்லாம்."

நம்பர் பார்த்தோம். அறுபத்து மூன்றாம் நம்பரைக் காணோம். அது பாப்பம்மா வீடு. தனியாக இருக்கிற பெண்பிள்ளை, படுத்த படுக்கை. அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவங்க லைட் பில் மட்டும் கெடைக்கல. மறந்துடக் கூடாதுன்னு அத்த மட்டும் தனியா வெச்சேன். ஆன் பண்ண ஒடனே எதுருல தெரியறாப்பல."

எனக்குப் புரிந்தது. ஆன் செய்ததும் எதிரில் தெரிவது டெஸ்க்டாப். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். அழிக்கப் போவதும் சி டிரைவைத்தான்.

"தம்பி, நில்லு" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த வீடு சி-ல கீது."

டெஸ்க்டாப்பிலும் பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று இருந்தது. அதற்குள் அறுபத்து மூன்று.

புதிதாகப் பெஞ்சுக்கு வருகிற பிள்ளைகளே, கஸ்டமர் 'எல்லாம் டி-ல கீது' என்று சொன்னால் நம்பாதீர்கள். முக்கியமானதை யாரும் உள்ளே வைக்க மாட்டார்கள். கண்ணெதிரே வைப்பார்கள்.

டீ ஆறிப்போனது

அறுபத்து மூன்றையும் காப்பியில் சேர்த்தாயிற்று, விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டீ வந்தது. அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"வூட்டுக்குப் போய் மொதல் வேலையா அந்த மாப்ள பென்டிரைவ கல்லுல வெச்சு நசுக்கப் போறேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அண்ணா, வைரஸ் வந்தது உங்க மாப்ள பென்டிரைவ்லேருந்து இல்ல. எங்க கடை பென்டிரைவ்லேருந்து. சொருவினது நான்தான்."

"யக்கா, சும்னே இரு" என்றான் குமரேசன் பதறி.

நான் இருக்கவில்லை. நோட்டை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதைச் சொன்னேன். "உங்க மாப்ள வைத்தியம்தாண்ணா பாத்தாரு. சீக்கு நாங்க குடுத்தது."

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எண்பத்துநாலு வீட்டயும் நீதான் கவுத்தியா?"

"ஆமாண்ணா."

"நீயே தூக்கியும் நிறுத்தினியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போனை எடுத்து மாப்பிள்ளை நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். "நான் அவன பேசின பேச்சுக்கு, எந்த மூஞ்சிய வெச்சுக்கினு பேசுவேன்? நீயே சொல்லும்மா."

கஸ்டமரிடமே பேசாதவள் நான். அந்தப் பக்கம் 'ஹலோ' என்றதும் வேர்த்துவிட்டது. கம்ப்யூட்டர் கடை கன்னியம்மா என்று தொடங்கி, திக்கித் திக்கி முழுசும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"ஆன்ட்டி, மாமா பக்கத்துல கீறாரா?"

"கீறாரு."

"ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு வாட்டி சொல்லுங்க. கொஞ்சம் லவுடா."

சொன்னேன். ஏகாம்பரம் அண்ணன் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. சாயங்காலம் நேரா வூட்டுக்கு வா. உங்கத்த உனக்குக் கறி எடுத்தார சொல்லிக்கினு கீறா."

"அண்ணி எப்பண்ணா சொன்னாங்க?" என்றான் குமரேசன்.

"நீ மூடுறா."

திங்கட்கிழமை எண்பத்து நான்கு வீடும் பிரிண்ட் ஆகி கோலாருக்குப் போனது. ஆபீசர் வாங்கிக்கொண்டு நம்பர் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தாராம். வீடு இன்னும் யார் பெயருக்கும் ஆகவில்லை. அது எங்கள் கையில் இல்லாத வேலை.

எங்கள் கையில் இருக்கிற வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வைரஸ் எப்படி வந்தது என்று கஸ்டமர் கேட்டால், 'நெட்லேருந்து வந்திருக்கும்' என்று எல்லாக் கடையிலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். யாரையும் குற்றம் சொல்லாத பதில் மாதிரி தெரியும். ஆனால் சிஸ்டம் நம்மிடம் வருவதற்கு முன்பே வீட்டில் ஒருவர் திட்டு வாங்கியிருப்பார். கேம் ஆடின பையனோ, படம் பார்த்த மருமகளோ. அதனால் ஃபைலின் தேதியைப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

என்னைப்போல் பேச வராதவர்களாக இருந்தால் போனில் சொல்லுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கும்.