பொருந்தாத இரண்டு கற்கள்

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. லிஃப்டில் ஏற மாட்டாள். நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவள் மலையைக் குடையும் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஆனால் ஒரே ஒரு நாளைத் தவிர சுரங்கத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வெளியே தகரக் கொட்டகையில்தான் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா.

சுரங்கம் போகப்போகும் திசையில் முன்கூட்டியே நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு துளை போட்டு, உள்ளே இருக்கும் கல்லை உருளை உருளையாக எடுத்துவிடுவார்கள். அவற்றை வரிசை மாறாமல் மரப்பெட்டிகளில் அடுக்கிக் கழுவி, எத்தனையாவது மீட்டரில் என்ன கல் என்று குறித்து வைப்பாள் அக்கா.

எங்கள் மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று அவள் சொன்னபோது, கதை விடாதே என்றேன். ஈரத்துணியால் ஒரு கல்லைத் துடைத்துக் காட்டினாள். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். பவளம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் உயிரோடு இருந்த பவளத்திட்டு அப்படியே கல்லாகி, மலையோடு மேலே வந்துவிட்டதாம்.

"ரெண்டு பக்கமும் அடுக்கடுக்கா படிஞ்ச கல்லு இருக்கே, அது சாதுடா. நடுவுல இருக்கிற இந்தப் பூக்கல்லுதான் மோசம். எங்க பொந்து இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தண்ணி அரிச்சு அரிச்சு உள்ள வீடே கட்டி வச்சிருக்கும்" என்றாள். அப்போதும் சிரித்தேன்.

துளையில் கல் வராத இடத்துக்குப் பெட்டியில் ஒரு மரக்கட்டையை வைப்பது வழக்கம். நான் அதே சுரங்கத்தில் வெடி வைக்கும் கூட்டத்து ஆள். அந்தக் கட்டைக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு தடவை தலைமை அலுவலகத்திலிருந்து பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அக்கா காய்ச்சலில் கிடந்ததால், அவள் இன்னும் பார்க்காத புதுப் பெட்டிகளைப் படமெடுக்க நான் போனேன். ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கட்டையை எடுத்து ஓரத்தில் செருகி, கற்களை நெருக்கித் தள்ளிவிட்டேன். புத்தி கெட்ட வேலை. படத்தைப் பார்த்தே அறிக்கை எழுதினார்கள்: நூறு மீட்டர் வரை கெட்டிக் கல்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் அக்கா அந்தப் பெட்டியைக் கழுவியிருக்கிறாள். உடைந்த கல்லின் முனை அடுத்த கல்லோடு உடைந்த தட்டு போலப் பொருந்த வேண்டும். இரண்டு கற்கள் பொருந்தவில்லை. இரண்டு முனையும் தண்ணீர் அரித்தது போல வழவழவென்று இருந்தன, செம்மண் ஒட்டியிருந்தது. ஓரத்தில் கிடந்த கட்டையைத் திருப்பினாள். தொண்ணூற்றொன்றாவது மீட்டரிலிருந்து கல் இல்லை என்று துளை போட்டவர்கள் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் எண்பத்தொன்பதில் நின்றுகொண்டிருந்தோம். வெடிமருந்து உள்ளே வந்துவிட்டால், மின்பொறி பட்டுவிடக் கூடாதென்று போன் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை.

ஒன்றரைக் கிலோமீட்டர், சுவரைத் தடவித் தடவி நடந்தே வந்தாள். கையில் அந்த இரண்டு கற்கள். முகம் வெளிறியிருந்தது. அவள் இங்கே வருகிறாள் என்றால் உலகமே இடிந்திருக்க வேண்டும்.

"மேஸ்திரி, வெடி வைக்காதீங்க. ரெண்டே மீட்டர்ல பொந்து இருக்கு."

"அறிக்கையில கெட்டிக் கல்லுன்னு போட்டிருக்கே, பெட்டியக்கா?"

"அறிக்கை தப்பு. பெட்டியில இருந்த இடைவெளிய நான்தான் மூடிட்டேன்."

பன்னிரண்டு பேர் அவளை முறைத்தார்கள். நான் பேசியிருக்க வேண்டும். கையிலிருந்த துளைக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மருந்த எல்லாம் வெளிய கொண்டு போங்கடா" என்ற மேஸ்திரி என்னைப் பார்த்தார். "டேய், நீ ஒரு சின்னத் துளை போட்டுப் பாரு."

போட்டேன். ஒரு மீட்டர் வரை கல். ஒன்றரையிலும் கல். பொந்து இருக்கக் கூடாதே என்றும், இல்லாவிட்டால் அக்காவின் மானம் போகுமே என்றும் மாறி மாறி நினைத்தேன். இரண்டு மீட்டர் தாண்டியதும் கம்பி தானாகவே முன்னால் பாய்ந்தது, என்னையும் சேர்த்து இழுத்தது. அடுத்த நொடி செந்தண்ணீர் பீறிட்டு வந்து என்னை மல்லாக்கத் தள்ளியது. விரல் நுழையும் துளைக்கே இந்த வேகம். வெடித்திருந்தால் எங்களில் ஒருவன்கூட மிஞ்சியிருக்க மாட்டான்.

எல்லோரும் ஓடினார்கள். அக்காவால் அசைய முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அக்கா, அந்தக் கட்டைய எடுத்தது..."

"தெரியும்டா. அன்னைக்கு உன்னைத் தவிர அங்க யாரு இருந்தா? உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, வாயத் திறக்காத. கைய மட்டும் விட்டுராத, எனக்குப் பயமா இருக்கு."

கையை விடவில்லை. வாயையும் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.