கோவிந்தன் மேல் ஓங்கிய கம்பு

குத்தாலம் பக்கத்தில் எங்களிடம் கூலிவேலை பார்த்த கோவிந்தனுக்கு, நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்கள் கையைவிட்டுப் போன நிலத்தில் ஒரு ஏக்கர் பட்டாவாகக் கிடைத்தது. அந்த வருஷமே அவன் பயிர் என் பயிரைவிடச் செழித்து நின்றது. தினமும் அதைப் பார்த்து வயிறெரிந்தேன்.

அறுப்பு நாளில், தலையில் நெற்கட்டோடு அவன் என் வரப்பில் வந்தான். "என் நெல்லையே திருடுறியாடா?" என்று கத்திக்கொண்டே கம்பால் தோளில் அடித்தேன். கட்டு வாய்க்காலில் விழுந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கதிரை எடுத்து நீட்டினான். "நீங்க போட்டது சன்ன ரகம். இது மோட்டா. பாருங்கய்யா."

நான் பார்க்கவில்லை. கம்பை ஓங்கும் முன்பே அது எனக்குத் தெரியும்.

"ஏதோ அவசரத்துல அடிச்சுட்டாரு" என்று ஊர் எனக்காகப் பேசியது. பொறாமையில்தான் அடித்தேன் என்று, அவன் இறந்த பிறகு இப்போதுதான் வாய்திறக்கிறேன்.